நெரிசலில் நின்றால் கார் ஏர்கான் சூடாகிறது: மூன்றாவது முறை கேஸ் போடுவதற்கு முன்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 9 வயதான ஜப்பானிய செடான். காலையில் சிங்கப்பூர் பொங்கோலில் இருந்து கிளம்பும்போது ஏர்கான் நன்றாகக் குளிர்கிறது. மதியம் தீவு விரைவுச்சாலை நெரிசலில் மாட்டினால் 10 நிமிடத்தில் வெறும் காற்றுதான் வருகிறது, வண்டி ஓட ஆரம்பித்ததும் மறுபடி கொஞ்சம் குளிர்கிறது. 4 மாதத்தில் 2 முறை ஏர்கான் கேஸ் நிரப்பியாகிவிட்டது. இப்போது பட்டறையில் கம்ப்ரஸர் (கேஸை அழுத்தித் தள்ளும் இயந்திரம்), கண்டென்சர், கூலிங் காயில் எல்லாவற்றையும் மாற்றவேண்டும், 1,800 சிங்கப்பூர் வெள்ளி ஆகும் என்கிறார்கள். சிஓஇ (காரை வைத்து ஓட்ட அரசு தரும் உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் 14 மாதம்தான். "மூன்றாவது முறையும் கேஸ் போட்டுப் பார்க்கலாமா?" என்று முடித்திருக்கிறீர்கள். கேள்வி கேஸைப் பற்றியதுபோல இருந்தாலும், இந்த 1,800 வெள்ளிக் கணக்கை நம்பலாமா கூடாதா என்பதுதான் உங்கள் கவலை என்று நினைக்கிறேன்.

நான் 22 வருடமாகக் கார் ஏர்கான் வேலைதான் பார்க்கிறேன், முதலில் சின் மிங்கில், இப்போது உபியில். உங்கள் காரை நான் பார்க்கவில்லை. அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டாமல் ஒருவர் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும். ஆனால் கேஜ் மாட்டுவதற்கு முன்பே நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன. எப்போது சூடாகிறது, எப்போது குளிர்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரி பல பட்டறைகளில் யாரும் கேட்டு வாங்காத தகவல்.

சந்தேகமே இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் தண்டின் சீல் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் போவது இயல்பு. அதனால் 7, 8 வருடம் ஓடிய காருக்கு ஒருமுறை நிரப்பவேண்டி வந்தால் அதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன். ஆனால் 4 மாதத்தில் 2 முறை என்றால் இரண்டில் ஒன்றுதான். உண்மையிலேயே கசிவு இருக்கிறது. அல்லது கேஸ் குறையவே இல்லை, குறையாத வண்டியில் மேலும் மேலும் நிரப்பியிருக்கிறார்கள். இரண்டாவது வகை நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக என் பட்டறைக்கு வருகிறது.

ஏன் என்று விளங்க, ஏர்கான் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காருக்கு உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். அள்ளுகிற இடம் டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயில். கொட்டுகிற இடம் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்சர். வெளியே 32 டிகிரி வெயிலில் கண்டென்சருக்குள் கேஸ் 55, 60 டிகிரியில் திரவமாக மாறுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிரவைத்துவிடும். சிக்னலில் நின்றால் மின்விசிறி மட்டும்தான் துணை. விசிறி சோர்ந்துபோனால் வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் ஏறும். சுமார் 450 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரும்போது பல ஜப்பானிய கார்களில் பிரஷர் ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அங்கே போவதற்கு முன்பே உள்ளே வரும் காற்று சூடாகிவிடும். ஓடினால் குளிர், நின்றால் சூடு என்று யாராவது சொன்னால் என் கை முதலில் போவது விசிறியிடம்தான்.

சில கார்களில் விசிறி இரண்டு வேகத்தில் ஓடும். மெதுவான வேகம் வேலை செய்து, வேகமான ஓட்டம் ரிலே கெட்டோ ரெசிஸ்டர் கெட்டோ நின்றுபோயிருந்தால், பார்ப்பவர் "விசிறி சுற்றுகிறதே" என்று விட்டுவிடுவார். காலையில் 26, 27 டிகிரியில் அந்த மெதுவான வேகம் போதும். மதியம் போதாது. காலையில் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் எனக்கு இதுதான் மனதில் வந்தது. ஆனால் இது ஊகம்தான். ஏனென்றால் கேஸ் நிஜமாகவே குறைவாக இருந்தாலும் நிற்கும்போது சூடாகும், ஓடும்போது கொஞ்சம் தேறும். கம்ப்ரஸர் தேய்ந்து பலம் குறைந்தாலும் அப்படித்தான். மூன்று நோய்க்கும் ஒரே அறிகுறி. இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள், அனுபவம் உள்ளவர்களும் சேர்த்து.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. நெரிசலில் சூடாகி வந்த கையோடு, வண்டியை அணைக்காமல், கார் கழுவும் இடத்திலோ தண்ணீர் பிடிக்க வசதியுள்ள இடத்திலோ நிறுத்துங்கள். ஏர்கான் முழு குளிரில், ப்ளோயர் (காருக்குள் காற்று வீசும் விசிறி) நடு வேகத்தில், உள்காற்றே சுற்றும்படி இருக்கட்டும். நடு வென்ட்டில் ஒரு சமையலறை வெப்பமானியைச் செருகுங்கள். நல்ல நிலையில் உள்ள கார், ஓட்டத்தில், நம் ஊர் ஈரப்பதத்திலும் 6 முதல் 10 டிகிரி வரை கொடுக்கவேண்டும். இப்போது ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீரை முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் மெதுவாக ஊற்றுங்கள், அல்லது தெளியுங்கள். ஓரிரு நிமிடத்தில் வென்ட் வெப்பநிலை மளமளவென்று இறங்கினால் கோளாறு வெப்பம் கொட்டுகிற பக்கம்: விசிறி, அழுக்கு அடைத்த கண்டென்சர், அல்லது அளவுக்கு மீறிய கேஸ். இறங்கவே இல்லை என்றால் கேஸ் குறைவு அல்லது கம்ப்ரஸர் பலவீனம் பக்கம் சாய்கிறேன். அடுத்து, தண்ணீர் இல்லாமல், கியரை பார்க்கிங்கில் வைத்து எஞ்சினை 1,500, 2,000 சுற்றுக்கு ஏற்றி ஒரு நிமிடம் வையுங்கள். அதில் நன்றாகக் குளிர்ந்தால் கம்ப்ரஸர் அல்லது கேஸ் அளவு மேல் சந்தேகம் கூடும். விசிறிக் கோளாறு என்றால் சுற்றை ஏற்றுவதால் பெரிய பலன் இருக்காது, சில சமயம் இன்னும் மோசமாகும்.

இதைச் செய்யும்போது சில விஷயங்கள். பானெட்டைத் திறந்தால் விசிறிப் பக்கம் கை போகக்கூடாது. எஞ்சினை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும். ரேடியேட்டர் மூடியைத் தொடவேண்டாம். எஞ்சின் வெப்ப முள்ளையும் ஒரு கண் பாருங்கள். எஞ்சின் சூடேறினால் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரை வெட்டிவிடும், அப்போது ஏர்கானைச் சரி பார்ப்பதில் அர்த்தமில்லை, அதைவிடப் பெரிய தலைவலி காத்திருக்கிறது. அப்புறம், நின்ற வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி கார்நிறுத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு சோதனை செய்யவேண்டாம். சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். கழுவும் இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

விசிறியைப் பார்ப்பது இன்னும் சுலபம். ஏர்கானைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அது சுற்றவேண்டும். இரண்டு விசிறி உள்ள கார் என்றால் பெரும்பாலும் இரண்டும். கிரில் பக்கம் ஒரு செய்தித்தாள் துண்டை நீட்டிப் பார்த்தால் உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ளவேண்டும். ஒட்டாமல் துவண்டு விழுந்தால் விசிறி சோர்ந்திருக்கிறது, அல்லது கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குப்பை அடைத்திருக்கிறது. மழைமரத்தடியில் தினமும் நிறுத்தும் கார்களில் அந்த இடுக்கிலிருந்து கை நிறைய இலைத்தூள் எடுத்திருக்கிறேன். முன்னால் இருந்து பார்த்தால் கண்டென்சர் பளபளவென்று இருக்கும், பின்பக்கம் கம்பளி போர்த்தியது மாதிரி இருக்கும்.

இனி கேஸ் அளவு. இதில்தான் எனக்கு வழக்கமாகக் கோபம் வரும். எஞ்சின் அணைந்திருக்கும்போது கேஜ் மாட்டி, "பாருங்கள், 95 பிஎஸ்ஐ இருக்கிறது, கேஸ் சரியாக இருக்கிறது" என்பார்கள். ஆர்-134ஏ என்ற ஏர்கான் கேஸ் 30 டிகிரியில் ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான் நிற்கும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்தால் போதும், 150 கிராம் இருந்தாலும் 95தான், 500 கிராம் இருந்தாலும் 95தான். சமையல் கேஸ் சிலிண்டர் தீரும்வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிறதே, அதே கதை. ஓடும்போது எடுக்கும் அழுத்தம் கொஞ்சம் பேசும். நம் வெயிலில் தாழ்பக்கம் (கம்ப்ரஸருக்குள் கேஸ் வரும் பக்கம்) 30 முதல் 40, உயர்பக்கம் (கம்ப்ரஸர் வெளியே தள்ளும் பக்கம்) 200 முதல் 250 வரை இருந்தால் எனக்குத் திருப்தி. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் விசிறி, கண்டென்சர், கூடுதல் கேஸ், அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. தாழ்பக்கம் ஏறி உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் தள்ளவில்லை. தாழ்பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் எக்ஸ்பேன்ஷன் வால்விலோ (காயிலுக்குள் போகும் கேஸைக் கட்டுப்படுத்துவது) டிரையரிலோ (ஈரத்தை உறிஞ்சுவது) அடைப்பு. ஆனால் இந்தக் கேஜ் படிப்பும் வெளி வெப்பம், எஞ்சின் சுற்று, ப்ளோயர் வேகம் எல்லாவற்றோடும் மாறும். இப்போது வரும் வேரியபிள் கம்ப்ரஸர்கள் தாங்களாகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் கேஜ் முள் பொய்யும் சொல்லும்.

உறுதியாகத் தெரிய ஒரே வழி, இருக்கிற கேஸை மெஷினில் உறிஞ்சி எடுத்து எடை பார்ப்பது. பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும். உங்கள் அளவு காருக்குப் பெரும்பாலும் 400 முதல் 550 கிராமுக்குள் வரும். மெஷின் எடுத்தது ஸ்டிக்கரைவிடக் குறைவு என்றால் கசிவு உறுதி, எவ்வளவு கசிகிறது என்பதும் தெரிந்துவிடும். கூடுதலாக வந்தால் உங்கள் இரண்டு டாப் அப்பும் வீண் என்று அர்த்தம், மதியச் சூட்டுக்கே அதுதான் காரணமாகவும் இருக்கலாம். எடுத்த பிறகு அரை மணி நேரமாவது வாக்யூம் போட்டு, ஈரத்தை வெளியேற்றி, ஸ்டிக்கர் அளவை எடை போட்டு ஏற்றவேண்டும். உங்கள் இரண்டு முறையும் வண்டியை ஓடவிட்டு, டப்பாவை மாட்டி, முள்ளைப் பார்த்து நிறுத்தியிருப்பார்கள் என்பது என் யூகம். பட்டறையில் "எத்தனை கிராம் வெளியே வந்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் சொல்லும் அடுத்த வார்த்தைக்கு 1,800 வெள்ளி மதிப்புக் கொடுக்காதீர்கள்.

கசிவு இருக்கிறது என்று முடிவானால் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். இதற்கு என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒரு வேன் வந்தது, 3 வாரத்துக்கு ஒருமுறை கேஸ் காலி. எஞ்சின் பக்கம் எங்கேயும் எண்ணெய்ப் பசை இல்லை, அதனால் கூலிங் காயில்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி, ஒரு நாள் முழுக்கச் செலவழித்துப் புது காயில் போட்டேன். மூன்றாவது வாரம் வேன் திரும்பி வந்தது. முதலாளி ஒன்றும் பேசாமல், கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் போர்ட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டார். குமிழி வந்தது. டயர் வால்வில் இருப்பது போன்ற ஒரு சின்ன ஊசி, சில வெள்ளிக்குக் கிடைக்கும். அன்றிலிருந்து எந்தக் கசிவு வண்டி வந்தாலும் முதலில் இரண்டு போர்ட்டிலும் சோப்புத் தண்ணீர், அப்புறம் கண்டென்சரின் அடிப்பகுதி, ஹோஸ் மூட்டுகள், கம்ப்ரஸர் முகம், கடைசியில்தான் காயில். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால் கசியும் இடத்தில் தூசி ஒட்டிக் கருப்புப் பிசுக்கு தெரியும். தெரியாவிட்டால் சாயம் ஏற்றி, கொஞ்ச நாள் ஓட்டி, புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்போம். காயில் கசிந்தால் காருக்கு அடியில் சொட்டும் ஏர்கான் தண்ணீர்க் குழாயின் வாயிலேயே சாயம் பளிச்சென்று தெரியும், டேஷ்போர்டைப் பிரிக்காமலேயே.

உங்கள் பட்டறை ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவரவில்லை. எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்பது நியாயமாக இருக்கும் நிலை ஒன்று உண்டு. கம்ப்ரஸர் உள்ளுக்குள் உடைந்து, இரும்புத்தூள் எண்ணெயோடு கலந்து எல்லா இடத்துக்கும் போய்விட்டால், புது கம்ப்ரஸர் மட்டும் போட்டு ஓட்டினால் அது சில மாதம்கூடத் தாங்காது. இன்றைய கண்டென்சர்களின் குழாய்கள் மிக மெல்லியவை, கழுவினாலும் தூள் வெளியே வராது. அப்போது கண்டென்சர், டிரையர், எக்ஸ்பேன்ஷன் வால்வு எல்லாம் சேர்த்து மாற்றுவதுதான் சரியான வேலை. ஆனால் அதற்கு அத்தாட்சி கண்ணுக்குத் தெரியும். குழாயைக் கழற்றினால் சாம்பல் நிறத்தில், வெள்ளித்தூள் மின்னும் எண்ணெய் வரும். அதைக் காட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு இதில் ஒரு சந்தேகம், கம்ப்ரஸர் அப்படி உடைந்த கார் காலையில் நன்றாகக் குளிராது. ஆரம்பக் கட்டமாக இருந்தால் குளிரலாம். அதனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் கதையோடு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

இதைப் படிக்கிற வேறு சிலருக்கு அறிகுறி வேறாக இருக்கும், அவர்களுக்காகக் கொஞ்சம். காற்றே பலமாக வரவில்லை என்றால் கேஸ் பக்கமே போகாதீர்கள். டேஷ்போர்டு டிராயருக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரை முதலில் எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் நன்றாக வந்து, நீண்ட ஓட்டத்தில் காற்று மெல்ல மெல்லக் குறைந்து, ஏர்கானை 15 நிமிடம் அணைத்துப் போட்டால் மறுபடி வந்தால், காயில் மேல் ஐஸ் பிடிக்கிறது. ஒரு பக்க வென்ட் குளிர்ந்து மறுபக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைவாகவும் இருக்கலாம், உள்ளே காற்றைத் திருப்பும் மடல் சிக்கியிருக்கவும் செய்யலாம். சிங்கப்பூரில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று நினைப்போம், ஆனால் எஞ்சின் வெந்நீர் டேஷ்போர்டுக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மடல் அரைகுறையாகத் திறந்து நின்றால் குளிர்ந்த காற்றில் சூடு கலந்து வரும். டேஷ்போர்டுக்குள் டக் டக் என்று சத்தம் கேட்டால் அந்த மடலின் மோட்டாராக இருக்கலாம். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த ஒயர் பக்கம் கை வைக்கவேண்டாம். அந்தக் கார்களின் மின்சார கம்ப்ரஸருக்கு எண்ணெயும் வேறு வகை, சாதாரண எண்ணெய் கலந்தால் மின்காப்பு கெட்டுவிடும். கசிவை அடைக்கும் திரவம் என்று டப்பாவில் விற்பதை எந்தக் காருக்கும் போடாதீர்கள். அது வால்வையும் அடைக்கும், உறிஞ்சி எடுக்கும் மெஷினையும் கெடுக்கும். தெரிந்தால் பல பட்டறைகள் காரைத் தொடவே மாட்டார்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 14 மாதத்தில் காரைக் கொடுத்துவிடப்போகிறீர்கள் என்றால் விசிறி மோட்டார், ரிலே, போர்ட் ஊசி, ஹோஸ், ஏன், கண்டென்சர்வரை செலவழிக்கலாம். பழைய காரில் கழற்றிய விசிறி மோட்டாரை நான் தயங்காமல் போடுவேன். பழைய கம்ப்ரஸரைப் போடத் தயங்குவேன், அது எப்படி வாழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. சிஓஇயைப் புதுப்பித்து இன்னும் 5 வருடமோ 10 வருடமோ ஓட்டப்போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு, அப்போது பெரிய வேலையும் தகும். எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூரில் செய்தால் மலிவு என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். நல்ல கைகள் அங்கேயும் உண்டு, கூலி குறைவு என்பதும் உண்மை. ஆனால் கசிவு வேலை ஒரே தடவையில் முடிவது அபூர்வம். ஏர்கான் இல்லாத காரில், எல்லை தாண்டும் சிங்கப்பூர் கார்களுக்குக் கட்டாயமான முக்கால் டாங்க் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, ஜோகூருக்குப் போகும் உட்லண்ட்ஸ் பாலத்தில் இரண்டாவது முறையும் நிற்கத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எனவே மூன்றாவது டாப் அப் வேண்டாம். இந்த வாரக் கடைசியில் செய்தித்தாளையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அதன்பிறகு உங்களுக்கு 1,800 வெள்ளி சொன்ன பட்டறை அல்லாத வேறு ஓர் இடத்தில் கேஸை எடுத்து எடை மட்டும் பார்த்துத் தரச் சொல்லுங்கள், முன்பு என்ன சொன்னார்கள் என்பதை அவர்களிடம் சொல்லவேண்டாம். விசிறி எப்படிச் சுற்றியது, தண்ணீர் ஊற்றியதும் வென்ட்டில் எத்தனை டிகிரி இறங்கியது, ஸ்டிக்கரில் எத்தனை கிராம், மெஷினில் எத்தனை கிராம் வந்தது என்று இங்கே எழுதுங்கள். ஸ்டிக்கரின் படம் ஒன்றும் போடுங்கள், எந்த கம்ப்ரஸர் என்பதை அதைவைத்து ஓரளவு சொல்லமுடியும்.